என் தப்புக் கன்னடம்

மைசூரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி 'ஊட்டா ஆய்த்தா?' என்பதுதான். சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார்கள். சோறு போடுவதற்காக அல்ல. கோபிசெட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், இன்னும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு நின்றிருக்கிறேன். கேட்டவர் அதற்குள் பஸ் ஏறிப் போயிருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அது பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. என் மகள் ரேவதி படிக்கும் கல்லூரியில் வாசல் காவலாளி முதல் பேராசிரியர் வரை இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டு, மோவாயால் அவளைக் காட்டி, அவள் சாப்பிட்டாளா என்பதையும் என்னிடமே கேட்கிறார்கள். அவளுக்கு இருபது வயது. பக்கத்தில்தான் நிற்கிறாள். அவளுக்கும் வாய் இருக்கிறது.

ரேவதிக்கு அறிவுவளர்ச்சி மெதுவு. அவளைப் போன்ற பிள்ளைகளுக்காக அந்தக் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பு ஒன்று நடத்துகிறார்கள். முதல் வருடம் தனி அறை. காகிதப் பை ஒட்டலாம், மெழுகுவர்த்தி செய்யலாம். இரண்டாம் வருடம் மற்ற மாணவிகளோடு ஒரே வகுப்பில் உட்காரலாம், ஆனால் கல்லூரியின் தேர்வுக் குழு சம்மதிக்க வேண்டும். ரேவதிக்கு வேண்டியது அந்த வகுப்புதான். தினமும் மதியம் ஜன்னல் வழியாக அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். "இத எதுக்குங்க காலேசுக்கெல்லாம் அனுப்பிக்கிட்டு?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, எதற்கும் சிரிக்கிறார்கள். ஊர்க்காரரோடு சண்டை போட முடிந்தது. இந்தச் சிரிப்போடு எப்படிச் சண்டை போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் குழு கூடியது. பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் ரேவதியும். படிப்பின் பொறுப்பாளரான மேடம் சிரித்தபடியே அறிக்கையை வாசித்தார். பேச்சு வளர்ச்சி மிகக் குறைவு. வாக்கியம் சரியாக அமைவதில்லை. பெரியவர்களை நீ, வா, போ என்கிறாள். ஆகவே வகுப்புக்குத் தகுதியில்லை. அத்தாட்சியாக ரேவதி பேசிய வாக்கியங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க எனக்குப் புரிந்தது. அத்தனையும் என்னுடைய வாக்கியங்கள். காய்கறிக் கடையிலும் ரேஷன் கடையிலும் நான் பேசும் அதே கன்னடம், அதே தப்போடு.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். ரேவதிக்கு மூன்று வயதில் பேச்சு வரவில்லை என்று மைசூரில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினோம். இந்தக் குழந்தைக்கு இரண்டு மொழி தாங்காது, பள்ளிக்கூடத்து மொழியை மட்டும் வீட்டிலும் பேசுங்கள் என்றார். அன்று எனக்குத் தெரிந்த கன்னடம் ஒரு கைப்பிடி. அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைத் தூங்கவைத்தேன், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தேன், அடித்தேன், கொஞ்சினேன். தமிழ் எனக்கும் நஞ்சன்கூடு ஆலைக்கு வேலைக்குப் போய்வரும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் மட்டும் என்றாகிவிட்டது. அவளைக் கண்ணு என்று கூப்பிட வாய் வரும், மென்று விழுங்கிவிடுவேன். மரியாதைச் சொல் தெரியவில்லையாம். சிறப்புப் பள்ளியில் ஆயாவிலிருந்து ஆசிரியை வரை அவளிடம் வா, உட்கார், வாயை மூடு என்றுதான் பேசினார்கள். யாரும் கொடுக்காத மரியாதையை அவள் எங்கே போய்க் கற்பாள்?

"மேடம், இது நன்ன கன்னடா. அவள தப்பு அல்லா" என்றேன். இது என்னுடைய கன்னடம், அவள் தப்பில்லை.

மேடம் பேனாவை மூடினார். "எஷ்டு வருஷா ஆய்த்து மைசூரிகே பந்து?"

வந்து எத்தனை வருடம் என்று கேட்கிறார். சொன்னேன்.

"இன்னூ கலித்தில்வா?" இன்னும் கற்றுக்கொள்ளவில்லையா என்று சிரித்தார். பிறகு, குழந்தைக்குப் பாடம் சொல்வது போல, நீங்கள் வீட்டில் தமிழே பேசியிருக்கலாம், தாய்மொழியால் கெடுதல் ஒன்றுமில்லை, அந்தப் பழைய யோசனையை இப்போது யாரும் சொல்வதில்லை என்றார்.

பதினேழு வருடம். அந்த மேஜையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும் போலிருந்தது. மேடம் என்னைப் பார்த்து, பெரிய வகுப்பில் இவள் பயப்படாமல் உட்காருவாளா என்று கேட்டார்.

"நன்ன கேளு" என்றாள் ரேவதி. என்னைக் கேள் என்கிறாள், மேடத்தை.

மேடத்தின் சிரிப்பு முதல்முறையாக நின்றது. ஓரத்தில் இருந்த வயதான பேராசிரியர் குனிந்து, நீங்கள் சொல்லுங்கள் என்று மரியாதையாகவே அவளிடம் கேட்டார். உட்காருவேன், அந்தப் பெண்களோடு உட்காருவேன் என்று அவள் என் தப்புக் கன்னடத்தில் சொன்னாள். மூவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒரு பருவத்துக்குச் சோதனையாக வகுப்பில் வைத்துப் பார்க்கிறோம், அதற்குள் பேச்சு திருந்த வேண்டும் என்று தயவு செய்தார்கள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் நீங்கள் மகளோடு தமிழில் சண்டை போடுகிறீர்கள் அல்லவா, அதுகூட எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளைப் பார்த்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், வகுப்பில் சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இனி யார் யோசனையும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. எதிரே உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, பதினேழு வருடத்தில் முதல்முறையாக அவளிடம் தமிழில் பேசினேன்.

"இன்னைக்கு நல்லாப் பேசுன கண்ணு."

ரேவதி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தன் பின்னால் கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"அப்பா இன்னூ பந்தில்ல" என்றாள். அப்பா இன்னும் வரவில்லையாம்.