நிபந்தனை பார்த்த வரி

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பெங்களூரு மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்தேன். பரிசோதனை முடிவுகளை நகலெடுத்து, அது சரியாக முடிந்தால் மட்டும் பழைய கோப்புகளை அழிக்கும் ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரலை, நான்தான் எழுதினேன்.

ஒருநாள் நகலெடுப்பது பாதியில் நின்றது, கோப்புகளோ அழிந்துவிட்டன. அன்று அதை இயக்கிய, எங்கள் பிரிவு ஊழியர் மேரியக்கா மீது பழி விழுந்தது.

"நீ சொன்ன கமாண்டைத்தாம்ப்பா போட்டேன்" என்று என்னிடம் அழுதார்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். நகலெடுக்கும் வரிக்கும், அது சரியாக முடிந்ததா என்று பார்க்கும் நிபந்தனைக்கும் நடுவே, 'முடிந்தது' என்று திரையில் காட்டும் வரியைச் செருகியிருந்தேன். நிபந்தனை தனக்கு நேர் முந்தைய வரியை மட்டுமே பார்க்கும்; அதனால் எப்போதும் வெற்றியாகும் அந்த வரியைத்தான் பார்த்திருக்கிறது, நகலை அல்ல.

சத்தமில்லாமல் திருத்தினேன். அக்காவுக்கு வேலை போனது.

சில மாதங்கள் கழித்து விவேக் நகர் பேருந்தில் என்னைப் பார்த்தார். "அந்தப் பிரச்சினைல உனக்கு ஒண்ணும் ஆகலையேப்பா?" என்றார்.

"இல்லக்கா" என்றேன். அதற்குள் நானும் அந்த வேலையை விட்டிருந்தேன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.