கட்டத் தெரிந்த மூட்டை

பொன்னியம்மாள் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு பட்டாளத்துப் பையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காக்கித் துணி முழுக்கப் பூஞ்சணம். அவள் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியின் வாசலில் காவலுக்கு இருக்கும் வீராசாமி, பட்டாளத்தில் தான் முதுகில் சுமந்த பை என்று சொல்லி லில்லிக்கு இரவல் கொடுத்திருந்தார்.

லில்லி அவளுடைய ஒரே மகள். ஆசிரியைப் பயிற்சியில் இரண்டாம் வருடம். மறுநாள் காலை பயிற்சிப் பள்ளியின் சாரணியர் ஜவ்வாது மலைக்குப் புறப்படுகிறார்கள். எட்டு நாள் பயணம், எட்டு நாளும் நடைதான். அவரவர் சாமான் அவரவர் முதுகில். வராதவர்களுக்கு இந்த வருடம் சான்றிதழ் இல்லை என்று தலைமையம்மா சொல்லிவிட்டார்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் யேசுதாஸ் கிடந்தார். பாலாற்றில் லாரிக்கு மணல் வாரிய உடம்பு. ஈரல் கெட்டு நாலு மாதமாகிறது. பொன்னியம்மாள் ஆண்கள் வார்டில் பதினான்கு வருடமாக ஆயா. தான் பெருக்கித் துடைக்கும் இடத்தில் புருஷன் கிடக்க வேண்டாம் என்று போன வாரம்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். காலையில் அவர் பாதத்தை அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி எழவில்லை. நேற்றிலிருந்து மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான். விக்கல் நிற்கவில்லை. இந்த நிலைக்கு வந்தவர்கள் ஐந்து நாள் தாண்டியதை அவள் பார்த்ததில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அவள் எட்டாவது படிக்கையில் அவளுடைய அப்பாவும் இப்படிப் படுத்தார். கூட இருக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தை விட்டாள். மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் அவளைப் பள்ளிக்கு அனுப்ப யாருமில்லை. தான் கூட இருந்ததில் அவருக்கு என்ன நன்மை ஆயிற்று என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

பை காய்ந்ததும் லில்லியின் பட்டியலை வைத்துக்கொண்டு திண்ணையில் அடுக்க ஆரம்பித்தாள். பயணம் என்று அவள் சாமான் கட்டியதே இல்லை. செங்கல்பட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது ஒரு மஞ்சள் பையும் மாற்றுப் புடவையும், அவ்வளவுதான். அவளுக்குக் கட்டத் தெரிந்தது ஒரே மூட்டை. வார்டில் ஒருவர் இறந்தால் கட்டிலுக்கடியில் இருப்பதைச் சேர்த்துக் கட்டி உறவுக்காரர் கையில் கொடுப்பது ஆயாவின் வேலை. தட்டு அடியில். அதன்மேல் டம்ளர், டம்ளருக்குள் சீப்பும் சோப்பும். நாலாய் மடித்த துணி. எல்லாவற்றுக்கும் மேலே போர்வை. பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவரின் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று மகன் சண்டைக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லித்தான் கட்டுவாள். இப்போதும் தட்டு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். சின்ன வயதில் வார்டுக்குச் சோறு கொண்டுபோகையில் அந்த மூட்டைகளைப் பார்த்திருந்த லில்லி, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பை எப்படி இருக்கிறது என்று பார்க்க வீராசாமி வந்தார்.

“என்னாம்மா, தட்டைப் போயி அடியில வச்சிக்கீறே? போர்வை முதுகுப் பக்கம் வரணும். பொண்ணு மலையேறப் போவுதுன்னா, நீ வார்டு மூட்டை கட்டிக்கினு இருக்கிறே.”

சிரித்தவர், லில்லியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

யேசுதாஸைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். யேசுதாஸ் ஒவ்வொரு சொல்லாக இழுத்து, தான் மணல் மேட்டைத் தவிர எதிலும் ஏறினதில்லை, தன் பெண் மலையே ஏறுகிறாள் என்று அவரிடம் பெருமை பேசியது வெளியே கேட்டது. வீராசாமி சீக்கிரமே எழுந்து வந்தார். காப்பி வேண்டாம் என்றார். பைக்கு அவசரமில்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

லில்லி எல்லாவற்றையும் வெளியே எடுத்து அவர் சொன்னபடி அடுக்கினாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“அம்மா, வேற யாராயிருந்தாலும் பாத்த உடனே எத்தனை நாள்னு சொல்லிடுவே. நான் வர்ற வரைக்கும் அப்பா இருப்பாரா?”

பொன்னியம்மாள் வாரை ஒரு துளை இறுக்கினாள். தோளில் வெட்டுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் லில்லி.

“நான் போகலம்மா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“நீ போறே.”

“சரி, போறேன். காலையில அவருகிட்ட சும்மா போயிட்டு வரேன்னு சொல்றதா? வேற ஏதாச்சும் சொல்லணுமா?”

பொன்னியம்மாள் தரையில் விழுந்திருந்த பட்டியலை எடுத்து மடித்து மகளின் கையில் வைத்தாள். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போனாள்.