எஸ்தர் அக்கா வைத்த வீணை

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. போட்டவர் திண்டுக்கல் நண்பர். அதன் கீழே நான் எழுதிய முதல் வார்த்தை, "சான்று?" அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு அதுதான் வந்தது. அனுப்பிய பிறகு விரல் கூசியது. ஆனால் அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவராக இருந்தால் அவரும் அதைத்தான் கேட்டிருப்பார். சற்று நேரத்தில் அவர் மகள் ஷீபா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா. தூக்கத்துலயே." அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுகிறவர்கள் நாங்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலுமாக ஒரு கைப்பிடி ஆட்கள். எதை எழுதினாலும் வெளியார் யாராவது விசாரித்து அச்சில் எழுதியதைச் சான்றாகக் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது, வீட்டில் திட்டு உண்டு. நான் கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் மேனேஜர். அக்கா மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு சனிக்கிழமை விளாங்குடியில் அவர் வீட்டு மாடியில் கூடுவோம். அவர் காய்ச்சும் பருத்திப்பாலுக்காகவே வந்தவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவரைப் பற்றிய கட்டுரை இருக்கத் தகுமா, தகாதா என்று சண்டை வந்தால், அவரைப் பிடித்தவர்தான் 'நீக்கலாம்' என்ற பக்கத்தை எழுத வேண்டும். பிடிக்காதவர் 'வைத்துக்கொள்ளலாம்' என்று வாதாட வேண்டும். கொண்டுவந்தவர் அக்கா. "பிரியம் உள்ளவனுக்குத்தான் ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும். பிடிக்காதவனே 'இருக்கட்டும்'னு எழுதினா அதுல பொய் இருக்காது" என்பார். எனக்கு உயிரான ஒரு கபடி வீரருக்கு எதிராக நானே எழுதி, அந்தக் கட்டுரை போவதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நந்தினி விஷயத்தில்தான் எனக்கும் அக்காவுக்கும் முட்டிக்கொண்டது. நந்தினி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டில் பேசும் மொழியிலும் தமிழிலும் கீர்த்தனைகள், வர்ணங்கள் என்று கர்நாடக இசையில் புதிதாக இயற்றுகிறவர். அழகர்கோவில் ரோட்டில் ஒரு மண்டபத்தில் அவர் பாடியதைக் கேட்டு வந்த கையோடு கட்டுரையைத் தொடங்கினேன். அவருக்கு அது வெறும் பெருமை இல்லை. வெளியூர் சபாக்காரர்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "உங்களப் பத்தி எங்கயும் ஒண்ணும் வரலையேம்மா" என்று கச்சேரி தராமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷமும் இப்படியே போனால் பாட்டை விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் வந்து உட்காரச் சொல்லியிருந்தார் அப்பா.

கட்டுரை ஏறிய வாரமே அக்கா அதில் கை வைத்தார். பிழைகளைத் திருத்தினார். 'சிறுவயதில் வீணை பயின்றவர்' என்று ஒரு வரியும் சேர்த்தார். ஓர் அழைப்பிதழில் நந்தினி வீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படத்தை நம்பி எழுதியது. நந்தினி எனக்குப் போன் செய்து சிரித்தார். "சார், அது எங்க வீட்டு வீணையே இல்ல. கொலுவுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனப்ப எடுத்த போட்டோ. நான் கத்துக்கிட்டது வயலின்." அக்காவிடம் சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வரியை எடுத்துவிட்டார். நானும் அதை மறந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில், சான்று போதவில்லை என்று யாரோ கட்டுரையின் தலையில் அறிவிப்பைப் போட்டார்கள். மாடியில் பஞ்சாயத்து கூடியது. வழக்கப்படி 'நீக்கலாம்' பக்கம் என்னுடையது. "முடியாதுக்கா. இந்த ஒண்ணுக்கு மட்டும் என்னால முடியாது" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார், பருத்திப்பால் பாத்திரத்தைப் பார்த்தார். "சரி விடு. நான் எழுதுறேன்." எழுதினார். ஓர் ஓட்டை விடாமல், சல்லடை போட்டு எழுதினார். சர்ச்சில் ஞானப்பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்குக் கீர்த்தனை எங்கே ஏறப்போகிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கோபம் வந்தால் மனுஷன் எதைத்தான் நினைக்க மாட்டான்?

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்போடு போனேன். நந்தினியைப் பற்றி அரைப் பக்கம், படத்தோடு. "இந்தாங்க சான்று. இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்று அக்கா மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தவர் பாதியில் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை.

"'வீணை மீட்டிய பிஞ்சு விரல்கள்'னு போட்டிருக்கான் பாரு தம்பி. இந்த வீணைய வச்சதே நான்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிருபர் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. அந்த வரியை எடுப்பதற்கு முன்பே எங்கள் கட்டுரையை அப்படியே அள்ளியிருக்கிறார், அக்காவின் தப்போடு சேர்த்து. "நாம எழுதுனத அவன் எடுத்துப் போட, அதையே நாம சான்றுன்னு காட்டுனா, தன் நிழலத் தானே துணைக்குக் கூட்டிட்டுப் போற கதைதான்" என்றார். "உங்க தப்பால அந்தப் பிள்ள பொழப்பு போகுதேக்கா" என்று கத்திவிட்டேன். "என் தப்பு மட்டும் இல்லேன்னா நீ இத உள்ள ஏத்தியிருப்ப. வீணைக்கு ஒரு கும்பிடு போடு" என்றார். கட்டுரை போயிற்று. நான் பருத்திப்பாலைத் தொடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அதன் பிறகு நெடுநாள் நான் மாடிக்குப் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் அக்காவிடமிருந்து தவறாமல் ஒரு செய்தி வரும்: "உன் டம்ளர் மிச்சம் இருக்கு." நான் பதில் போட மாட்டேன். நந்தினி பகலில் கடையில் உட்கார்ந்தார். பாட்டை மட்டும் விடவில்லை.

ஒருநாள் அக்கா எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வந்து நின்றார். வரவேற்பில் இருந்த பெண், "எந்த டாக்டர் அனுப்பினாங்கம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. உங்க மேனேஜர் தலையத்தான் ஒருக்கா படம் எடுக்கணும்" என்று அக்கா சொன்னது என் அறை வரை கேட்டது. கைப்பையில் ஒரு புத்தகமும் ஓர் இசை இதழும் இருந்தன. புத்தகம், வெளியூர் இசைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இன்று இயற்றுகிறவர்களைப் பற்றி எழுதியது. நந்தினியின் வர்ணங்களுக்கு ஒரு முழு அத்தியாயம். இதழில், வேறொருவர் எழுதிய நீண்ட விமர்சனம்.

"நம்ம கட்டுரையப் பார்த்து எழுதலையே?" என்று கேட்டேன்.

"வயலின்னு போட்டிருக்காரு. வீணை இல்ல. அம்புட்டும் நேர்ல போய்க் கேட்டு எழுதுனது." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். என் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து, எடுத்த கட்டுரையை அவர் கையாலேயே திரும்ப ஏற்றினார். அன்று சாயங்காலம் நான் விளாங்குடிக்குப் போய் என் டம்ளரை வாங்கிக் குடித்தேன். இப்போது நந்தினிக்கு வெளியூர்க் கச்சேரிகள் வருகின்றன. கடையில் அப்பா மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

அடக்க ஆராதனைக்கு நந்தினியும் வந்திருந்தார். எனக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "இல்ல சார். இவங்கள எனக்கு முன்னாடியே தெரியும், பேருதான் தெரியாது. அழகர்கோவில் ரோட்டு மண்டபத்துல இருந்தே, மதுரையில நான் எங்க பாடினாலும் கடைசி வரிசையில இருப்பாங்க. முடிஞ்சதும் பேசாம போயிருவாங்க. ஒருதடவ நானே ஓடிப்போயி, நல்லா இருந்துச்சாம்மான்னு கேட்டேன். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. 'என் காது சான்று ஆகாதும்மா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அந்த மண்டபத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாடியில் 'நீக்கலாம்' பக்கத்தை எழுதியவர், வழக்கப்படி எழுத வேண்டியவரேதான். அது என் புத்திக்கு எட்ட, அவர் பெட்டிக்குள் கிடக்க வேண்டியிருந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அக்காவை நேரில் பார்த்தே இராதவர், அவர் பெயரில் ஒரு கட்டுரை தொடங்கியிருக்கிறார். சான்று போதவில்லை என்று அறிவிப்பும் விழுந்துவிட்டது. சனிக்கிழமை மாடியில் கூடினோம். ஷீபா பருத்திப்பால் காய்ச்சியிருந்தாள், சுக்கு கொஞ்சம் தூக்கல். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வழக்கம் ஒன்றுதான். அதனால் இந்த முறை மாட்டேன் என்று சொல்லவில்லை. 'நீக்கலாம்' பக்கத்தை நான் எழுதுகிறேன் என்றேன். "அதெப்படிண்ணே, நான்தான் எழுதுவேன்" என்றார் திண்டுக்கல் நண்பர். மற்றவர்களும் விடவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்தே எழுதினோம்.

எதிர்ப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. எஸ்தர் அக்காவைப் பிடிக்காதவர் என்று யாராவது இருந்தால் விளாங்குடிக்கு அனுப்பி வையுங்கள். அந்தக் கட்டுரையை அவர்தான் காப்பாற்ற வேண்டும்.