குட்டியின் இடது இடுப்பு

“ஜூலை 12, வெள்ளி. கடும் வெயில். பெண் குட்டி, நான்காவது வாரம். இடது இடுப்பு, ஸ்கேன். குடை பிடித்தேன்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மீதி நினைவிலிருந்து எழுதுவது. நினைவுக்குரிய சந்தேகத்தோடு படிக்கவும்.

கீழ்க்கட்டளையில் எங்கள் தெரு முடிகிற இடத்தில், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் கணவனும் மனைவியும் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைப் பெண் குதிரை. ஜூன் மாதம் அது குட்டி போட்ட இரவில் கணவன் மேடவாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் போயிருந்தான், வாடகைக்கு எடுத்த வேறொரு குதிரையோடு. மனைவி தனியாக இருந்தாள். குட்டியின் பின்னங்கால்கள்தான் முதலில் வெளியே வந்தன. அவற்றைப் பிடித்து அவளே இழுத்து எடுத்தாள். மறுநாள் போய்ப் பார்த்தேன். கரிக்கட்டை நிறம். வெள்ளைக் குதிரைகள் பல கறுப்பாகப் பிறந்து வளர வளர வெளுக்கும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

ஜூலை முதல் வாரத்தில், மழைநீர்க் கால்வாய்க்காகத் தெருவில் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் குட்டி விழுந்துவிட்டது. கணவனும் இரண்டு ஆட்டோக்காரர்களும் அதன் பின்னங்காலில் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். என் வீட்டு கேட்டில் நின்று அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அது இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவில்லை. குளம்பின் நுனி மட்டும் மண்ணைத் தொடும்.

கணவன் அதை அன்றே மனைவியின் கணக்கில் எழுதிவிட்டான். “பொறந்தப்பவே இசுத்து இசுத்து இடுப்ப ஒடச்சிட்டா. அப்பத்துலேர்ந்தே அது இழுத்துகினுதான் நடந்துகினு கீது” என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னான். “நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சி” என்று அவள் சொல்வாள். ஆனால் குரலில் உறுதி இருக்காது. அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் அவளைத் தின்றது. சோறு இறங்கவில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் மாடி போர்ஷனில் ஒரு கால்நடை மருத்துவர் வாடகைக்கு இருந்தார். முப்பது வயதுப் பெண், எங்களை அங்கிள், ஆன்ட்டி என்பார். வெளியூர் போயிருந்தவர் வியாழன் இரவு திரும்பினார். என் மனைவி சொல்ல, மறுநாள் காலை ஸ்கேன் பெட்டியோடு கொட்டகைக்கு வந்தார். இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் குட்டியை மயக்கி மல்லாத்தவேண்டும், பெரிய இயந்திரம் வேண்டும். ஸ்கேன் என்றால் நின்றபடியே, தாயின் கண்ணெதிரிலேயே பார்த்துவிடலாம் என்றார். ஒரே சிக்கல் வெளிச்சம். கொட்டகைக்குள் குனியக்கூட இடமில்லை, வெளியிலோ திரையில் வானம்தான் தெரிந்தது. ஆகவே நான் குடை பிடித்தேன், குடையின் மேல் ஒரு கறுப்புப் போர்வை.

“சாருக்கு நல்ல வேல கெடச்சிருச்சி. அடுத்த முகூர்த்தத்துக்கும் வந்துருங்க சார், மாப்ளைக்குக் கொட புடிக்க ஆள் இல்ல” என்றான் கணவன். அவன் தாய்க் குதிரையைப் பிடித்திருந்தான். மனைவி குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் இடுப்பின் இரு பக்கமும் முடியைச் சிரைத்தார், பசை தடவினார். முதலில் நல்ல பக்கம். திரையில் சாம்பல் நிறப் புகை, அதற்குள் ஒரு வெள்ளை வளைவு, தொடை எலும்பின் தலை. வளைவின் நடுவே சிறு இடைவெளி.

“ஒடஞ்சிருக்கு பாருங்க சார்” என்றான் கணவன்.

“இது நல்ல காலுண்ணா. வளர்ற எலும்பு, இந்த கேப் இருக்கணும். உங்க பசங்களுக்கும் இருக்கும்.”

“அவனுங்களுக்கு மூளைல கீது.”

மனைவி சிரிக்கவில்லை. மருத்துவர் இடது பக்கம் வந்தார். இங்கே அந்த இடைவெளி அகலமாக இருந்தது. வளைவின் ஒரு துண்டு மற்றதைவிடப் படிக்கட்டு போலக் கீழே இறங்கியிருந்தது. சுற்றிலும் கறுப்பாக ஏதோ தேங்கி, அதற்குள் புள்ளிகள் மெல்ல மிதந்தன. காலை லேசாக ஆட்டச் சொன்னார், நான் ஒரு கையால் ஆட்டினேன். கீழ்த்துண்டு அசைந்தது. மேல்துண்டு அசையவில்லை. மருத்துவர் அந்தப் படத்தை நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்தார்.

“டாக்டர்ம்மா, நான் இசுத்ததாலயா?” என்று அவள் கேட்டாள். குட்டியின் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“பின்னங்கால் முதல்ல வந்தா உடனே இழுக்கணும்க்கா. நீங்க இழுக்கலன்னா அன்னிக்கே மூச்சு முட்டி செத்திருக்கும். இது பள்ளத்துல ஆனது.”

அவள் முகத்தைக் குட்டியின் பிடரியில் புதைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. கணவனின் கை தாய்க் குதிரையின் நெற்றியில் நின்றுவிட்டது.  அறுவை சிகிச்சை செய்தாலும் அந்த மூட்டு தேறுவது அபூர்வம், வலி கூடிக்கொண்டே போகும் என்று மருத்துவர் சொன்னபோது அவன் தலையை மட்டும் ஆட்டினான். மறுநாள் காலை ஊசி போட்டு அதை நிரந்தரமாகத் தூங்கவைத்தார். தாய் இரண்டு நாள் கத்தியது. அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் மருத்துவரைப் பார்த்துக் கேட்டேன், படத்தைப் பார்த்து அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று.

“முடியாது அங்கிள். சுத்தித் தேங்கின ரத்தம் புதுசுதான். ஆனா பழைய முறிவு மேல மறுபடி அடிபட்டாலும் அப்படித்தான் தெரியும். அந்தக்கா அப்படிக் கேட்டப்போ வேற என்ன சொல்றது? பள்ளத்து மேலதானே பழியப் போட்டேன். பள்ளத்துக்கு என்ன வலிக்கப்போகுது?”

கணவன் காலில் கயிறு கட்டி இழுத்ததைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. அன்று யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. கையிலிருந்த பால் பாக்கெட்டை மறு கைக்கு மாற்றினார். “ஐயோ அங்கிள்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேலே போனார்.

ஆவணியில், பல்லாவரம் சந்தைக்குப் போகும் வழியில் கணவனைப் பார்த்தேன். மெலிந்திருந்தான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவள் ‘டாக்டரே சொல்லிட்டாங்க’ என்று முடிக்கிறாளாம்.

“சார், நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்தீங்க. பள்ளத்துல உளுந்ததாலயா, நாங்க இசுத்ததாலயா? படத்துல எப்டி இருந்துச்சி?”

“படத்தில் அதெல்லாம் தெரியாதுப்பா” என்றேன்.

“அப்ப பொறந்தப்ப ஆனதுன்னு சொல்லலாமா?”

அதையும் சொல்ல முடியாது என்றேன். “ஒண்ணும் சொல்ல முடியாதுன்னா எதுக்கு சார் அந்தப் பொட்டி?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனான்.

வீடு திரும்பி ஜூன் மாதத்துப் பக்கங்களைப் புரட்டினேன். குட்டி கொட்டகையை விட்டு முதன்முதலாக வெளியே வந்த நாள் இருக்கிறது, அன்று காற்று எந்தத் திசையில் அடித்தது என்பதும் இருக்கிறது. அது நொண்டியதா, நன்றாக நடந்ததா என்று எழுதவில்லை. மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டார். படத்தை அவர் வைத்திருக்கிறாரா என்று கேட்டு அனுப்பிய செய்திக்கு இதுவரை பதில் இல்லை. அந்த இடுப்பு உடைந்தது பிறந்த இரவிலா, பள்ளத்தில் விழுந்தபோதா, கயிற்றில் தொங்கியபோதா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.