ஒஷாவாவில் நான் கொடுத்த அவுட்

கல்லூரி பேஸ்போல் ஆட்டங்களுக்கு நடுவராகப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், வெளியூர் ஆட்டங்களுக்கு எப்படிப் போய் வருவது என்று எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் போன பயணங்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒன்றுதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஒக்ரோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவுக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். கல்லூரி ஆட்டங்களில் அது எனக்கு முதற் பருவம். அப்போது என்னிடம் கார் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டுக்கு நடுவராக நின்ற பழக்கத்தில்தான் இங்கே பேஸ்போல் நடுவர் வகுப்புக்குப் போனேன். விதிகளைப் படிப்பது சிரமமாக இருக்கவில்லை. நடுவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் அங்கே அதிக நேரம் செலவழித்தார்கள். ஆட்டம் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் மைதானத்தில் நிற்க வேண்டும். சப்பாத்து மினுங்க வேண்டும். வீரர்களோடும் அவர்களுடைய ஆட்களோடும் கொஞ்சிக் குலாவக் கூடாது. தெரிந்தவர்கள் யாராவது விளையாடினால் கூட நிற்கும் நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு எவரோடும் தீர்ப்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

அந்த நாட்களில் சனி, ஞாயிறுகளில் ரயில் பிக்கரிங் வரைக்கும்தான். அங்கிருந்து பஸ். கில்ட்வூட் நிலையத்தில் பத்தே காலுக்கு ஏறினேன். இரவு பெய்த மழை விட்டிருந்தாலும் வானம் கறுத்துப்போய்த்தான் இருந்தது. எனக்கு முன்னாலிருந்த இருக்கையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரும் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள்.

“தம்பி தமிழோ? உது ஒஷாவாவுக்குப் போகுமோ?” என்று அவர் கேட்டார்.

“பிக்கரிங்கிலை இறங்கி பஸ் எடுக்கவேணும் அண்ணை. நானும் அங்கைதான் போறன்.”

அவர் பெயர் சிவபாலன். வாரத்தில் ஆறு நாள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. மனைவி பெட்டியைத் திறந்து எனக்கும் ஒரு ரோல்ஸ் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன். பிக்கரிங்கில் பஸ் மாறி ஏறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர்களுடைய மகன் ரமணன் ஒஷாவாவில் உள்ள கல்லூரியில் படிக்கிறான், பேஸ்போல் விளையாடுகிறான். இறுதி வருடம். இன்று தோற்றால் அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

“நாலு வருசமா இவர் ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை,” என்றார் அந்த அக்கா. “படிக்க அனுப்பினா பந்தடிக்கிறான் எண்டு அவனோடை கதைக்கிறதும் குறைவு. இண்டைக்கு நான்தான் அழுது கூட்டிக்கொண்டு வாறன்.”

சிவபாலன் அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்துக்கு நான்தான் நடுவர் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நடுவர் உடுப்பு இருந்த பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து மைதானத்துக்குப் பதினைந்து நிமிட நடை. வழி எனக்குத் தெரிந்தும் அவர்களை முன்னே போகவிட்டு மெதுவாகப் போனேன். பதினொன்றே முக்காலுக்கு உள்ளே நின்றேன். என்னோடு அன்றைக்கு நின்றவர் டக் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். இருபது வருட அனுபவம் உள்ளவர். அடிப்பவருக்குப் பின்னால் அவர், ஓட்டக்காரர்களைப் பார்க்க நான்.

“இரண்டு அணியிலும் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா?” என்று டக் கேட்டார்.

“இல்லை,” என்றேன். மகனை எனக்குத் தெரியாதுதானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“சந்தேகம் வந்தால் என்னிடம் வந்து கேள். நீ கேட்காமல் நான் வாய் திறக்க மாட்டேன்,” என்றார் அவர்.

ஒரு மணிக்கு நாங்கள் மைதானத்துக்குள் இறங்கியபோது, கம்பி வேலிக்கு அப்பால் நின்ற அந்த அக்கா என்னை அடையாளம் கண்டு சந்தோசத்தில் கையை அசைத்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் என்னைக் காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒஷாவாவுக்கு எதிராக ஆடிய அணியின் பயிற்சியாளர் வேலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஆட்டம் முழுக்க என் முதுகில் இருந்தது.

கடைசிச் சுற்று. ஒஷாவா அணி ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். மூன்றாம் தளத்தில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். அடிக்க வந்தவன் ரமணன். தரையோடு உருண்டுபோன பந்தை எதிரணிக்காரன் எடுத்து முதலாம் தளத்துக்கு எறிந்தான். ரமணனின் கால் தளத்தில் பட முன்பு அங்கே நிற்பவன் பந்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தால் ஆட்டம் முடிந்தது. பிடிக்காவிட்டால் மூன்றாம் தளத்தில் நின்றவன் ஓடி வந்து சேர, ஓட்டங்கள் சமன்.

பந்து கையுறையில் பட்ட சத்தம் கேட்டது. உடனே கையை உயர்த்தி அவுட் கொடுத்தேன். பந்து உள்ளே இருக்கிறதா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்த்த பிறகுதான் கையை உயர்த்த வேண்டும் என்று வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பார்கள். நான் கையை உயர்த்திய பிறகுதான், முதலாம் தளத்தில் நின்ற பெடியன் முதுகைக் காட்டித் திரும்பி, நெஞ்சோடு எதையோ அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

“ஹீ ட்ரொப்ட் இட்! அங்கிள், பந்து கையிலை இல்லை! ப்ளீஸ், மற்ற அம்பயரைக் கேளுங்கோ!” ரமணன் தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் அடித்தான்.

அங்கிள் என்று கூப்பிட்டு அவன் தமிழில் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் டக்கிடம் போனால், தமிழனுக்காகத் தீர்ப்பை மாற்றினான் என்று சொல்வார்களே என்ற பயம் வந்துவிட்டது. டக், அடிப்பவர் நிற்கும் வீட்டுத் தளத்தடியில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போகவில்லை. ஆட்டம் முடிந்தது.

வெளியேறும்போது சிவபாலன் அண்ணை வேலியடியில் மகனுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவனுடைய கூட்டாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடிந்து போகும் நடுவர்கள் வழியில் நிற்கக் கூடாது, நாங்கள் நிற்கவில்லை. கார் தரிப்பிடத்தில் டக் பொதிகளை ஏற்றி முடித்துவிட்டு, “பந்து கையுறைக்குள் துள்ளியது. அவன் அதை இறுக்கிப் பிடிக்க முன்பே அடித்தவனின் கால் தளத்தில் பட்டுவிட்டது. எனக்கு வடிவாகத் தெரிந்தது. நீ வந்து கேட்பாய் என்று நின்றேன்,” என்றார்.  என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் பீற்றர்பரோப் பக்கம் போய்விட்டார்.

நாலரைப் பஸ்ஸுக்கு அவர்கள் இருவரும் அங்கே நின்றார்கள். தூறத் தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் சிவபாலன் அண்ணை கிட்ட வந்தார்.

“தம்பி, பெடியன் கத்தினதைக் குறை நினைக்காதேங்கோ. நல்லாப் பேசிப்போட்டன். எங்கட ஆள் ஒருத்தர் அங்கை நிண்டு உனக்குப் பொய் சொல்லுவாரோ, நீதான்ரா தோல்வியைத் தாங்கேலாமல் பொய் சொல்லுறாய் எண்டு கேட்டன்.” முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்தார். “அப்பா, இனி வராதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்.”

பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். அக்கா அழுதுகொண்டே வந்தார். பிக்கரிங்கில் இறங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணை, உங்கட மகன் அவுட் இல்லை. அவன் சொன்னது சரி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப ஏன் கையைத் தூக்கினீங்கள்?”

“அவசரப்பட்டிட்டன். பிறகு மாத்தப் பயந்திட்டன். உங்களோடை கதைச்சதாலை, பக்கச்சார்பு எண்டு நினைப்பினம் எண்டு.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிலையத்து வாங்கில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார். “எழும்புங்கோ, திரும்பிப் போவம்,” என்று அவரின் கையைப் பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பி, “நீங்களும் வாங்கோ தம்பி. இவர் சொன்னா அவன் நம்பமாட்டான். நீங்கள் உங்கட வாயாலை சொல்லுங்கோ,” என்றார்.

“எங்களுக்கு விளையாடுற ஆக்களோடை தீர்ப்பைப் பற்றிக் கதைக்க ஏலாது அக்கா. அது சட்டம்.”

சட்டம் அதுதான். ஆனால் நான் அதைச் சொன்னது சட்டத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஐந்தரைக்கு ரொறொன்ரோ ரயில் வந்தது. நான் ஏறினேன். யன்னலால் பார்த்தபோது அவர்கள் ஒஷாவா பஸ் நிற்கும் பக்கம் மழைக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை, நடுவர்களை ஆட்டங்களுக்கு அனுப்பும் பொறுப்பாளருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பருவத்தில் எனக்கிருந்த மிச்ச இரண்டு ஆட்டங்களையும் எடுத்துவிட்டார், மறு வருடம் வகுப்பைத் திரும்பச் செய்யச் சொன்னார். செய்தேன். அதற்குப் பிறகு ஆறு பருவங்கள் நின்றேன். அந்தக் குடும்பத்தை எங்கேயும் காணவில்லை. திரும்பிப் போனவர்களுக்கு மகன் அன்றைக்குத் தன் அறைக் கதவைத் திறந்தானா என்று எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்கு: இப்போது ரயில் ஒஷாவா வரைக்கும் போகிறது, பஸ் மாறும் சிரமம் இல்லை. ஒக்ரோபரில் கையுறையும் மாற்றுச் சொக்ஸும் கொண்டுபோங்கள். வழியில் யாராவது உங்களை விசாரித்தால் நடுவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். ஆளைத் தெரியும் என்றால் தெரியும் என்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கூட நிற்பவரிடம் நடந்துபோய்க் கேளுங்கள், தொண்ணூறு அடி தூரம்தான். இத்தனைக்குப் பிறகும் பிழை விட்டு, திரும்பிப் போக வேண்டும் என்று மனது சொன்னால், ரயிலை விட்டுவிடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் இன்னொன்று வரும்.