சிவப்புப் பொத்தான்

படகு இன்ஜின் செய்யும் கம்பெனியில் எனக்கு விசித்திரமான வேலை. புது இன்ஜினை ஓட்டுபவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கண் எங்கெங்கே போகிறது என்று நோட்டில் குறிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் பழவேற்காடு ஏரியிலுள்ள பசியாவரத்துக்கு அனுப்பினார்கள்.

இன்ஜினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே இருந்தது. "நிறுத்துங்க" என்றதும் மீனவர் எல்லப்பனின் கண் நேராக அங்கே போனது. படகு கரையில் கட்டியிருந்தது.

"கட்டிப்போட்ட படகுல இன்னா சார் தெரியும்? ஏரி கடல்ல சேர்ற மொகத்துவாரத்துக்கு வந்து பாரு" என்றார்.

எனக்கு நீந்தத் தெரியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "இதுவே போதும்" என்றேன். பொத்தான் சரியான இடத்தில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே முகத்துவாரத்தில், அந்த இன்ஜினோடு எல்லப்பன் ஓட்டிய படகை அலை தூக்கிப்போட்டதில், அவர் தம்பி இன்ஜின் பக்கம் தண்ணீரில் விழுந்தார். தண்ணீருக்குள் சுழன்ற இன்ஜின் விசிறி நிற்கவில்லை. கரைக்கு வருமுன் உயிர் போய்விட்டது.

துக்கம் கேட்கப் போனேன். எல்லப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"படகுல இன்னும் மூணு பேரு சார். அலைய வுட்டுக் கண்ண எடுத்தா எல்லாரும் கவுந்துடுவோம். கையாலதான் பொத்தானத் தேடினேன். ஆப்டல."

அதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்களைக் கவனிக்கச் சம்பளம் வாங்கிய நான், அன்றுதான் ஒரு மனிதனின் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.