மூன்று கடைகளுக்கு ஒரு கார்டு

கல்யாணமாகி ஆறு வருஷம் வரை எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கடையிலிருந்துதான் வந்தது. அக்கரப்பத்தனையிலிருந்து டயகமவுக்குப் போகும் பாதையில், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, தகரம் போட்ட கடை அது. பெரிய கங்காணியின் மைத்துனர் நடத்தினார். அவர் யாரையும் கேள்வி கேட்கமாட்டார். தேங்காயெண்ணெய் வேண்டுமென்றால் கொடுப்பார், கருவாடு வேண்டுமென்றால் கொடுப்பார், கணக்குக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொள்வார். சம்பளத்தன்று அவர் சொல்லும் தொகையைக் கொடுக்க வேண்டும். கொப்பியைக் காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டால் மனஸ்தாபம் வரும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கூட்டல் கழித்தல் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் தலவாக்கலைக்குப் போனபோது, அங்கே ஒரு போத்தல் எண்ணெய் எங்கள் கடையைவிடப் பதினைந்து சதம் குறைவு என்று கண்டேன். சீனியும் குறைவு. கம்பளி இரண்டு ரூபாய் குறைவு. ஆனால் டவுனில் காசு கொடுத்தால்தான் சாமான். எங்கள் கையில் காசு இருப்பது மாதத்தில் நாலைந்து நாள்தான்.

பிறகு ஒருநாள் மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவள் இடுப்புப் பையிலிருந்து நீல நிற அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். தலவாக்கலையில் ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் மளிகையுமாக வியாபாரம் செய்த முஸ்லிம் முதலாளி ஒருவர் கொடுத்தது. அதில் அவள் புருஷன் பேர், தோட்டத்தின் பேர், லயத்து நம்பர் எல்லாம் எழுதியிருந்தது. எவ்வளவுக்கு வாங்கலாம் என்று சிவப்பு மையில் ஒரு தொகை. கீழே மாதத்துக்கு ஒரு கட்டம். வாங்கும்போதெல்லாம் தொகையைக் கார்டிலும் எழுதுவார்கள், கடைப் புத்தகத்திலும் எழுதுவார்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். களைத்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே குடுக்குறாங்கதானே, எதுக்கு டவுனு?" என்றார்.

"இங்க எவ்வளவுன்னு தெரியாம குடுக்குறோம். அங்க நம்ம கையிலயே எழுதித் தர்றாங்க."

"கங்காணி வீட்டாளுங்க கோவிச்சுக்குவாங்க. வேலத்தலத்துல தொந்தரவு குடுப்பாங்க. எனக்கு வேணாம். உனக்கு வேணும்னா நீ வாங்கிக்க."

கடைசியாகச் சொன்னதை அவர் சும்மாதான் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி நடுவயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி. மேசைக்குப் பின்னால் இருந்தார். கார்டு வேண்டும் என்றேன்.

"வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க தங்கச்சி. அவர் பேர்லதான் போடணும்."

"அவரு வேணாங்கிறாருங்க முதலாளி. என் பேர்ல போடுங்க."

அவர் சிரித்தார். "பொம்பளைகள் பேர்ல நான் போட்டதில்ல."

"என் பேரும் தோட்டத்துச் செக்ரோல்ல, சம்பளப் புத்தகத்துல இருக்குங்க. நானும் பேர் போட்டுத்தான் சம்பளம் வாங்குறேன்."

"எத்தனை நாள் வேலை செய்வீங்க மாசத்துக்கு?"

நான் மடியிலிருந்து மூன்று மாதத்துச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தேன். என்னுடையதை மட்டுமல்ல, வீட்டுக்காரருடையதையும் கொண்டுபோயிருந்தேன். முதலாளி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த மூன்று மாதத்தில் இரண்டில் நான் வீட்டுக்காரரைவிடக் கூட நாள் வேலைக்குப் போயிருந்தேன். முதலாளி இருவர் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து நீல அட்டை ஒன்றை எடுத்தார்.

"பேரைச் சொல்லுங்க."

சொன்னேன். இருபத்தைந்து ரூபாய் என்று சிவப்பு மையில் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். எனக்குக் கைநாட்டா, கையெழுத்தா என்று கேட்டார். கையெழுத்து என்றேன். என் பேரை எழுதி முடிக்கும் வரை பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனங்களான எங்களில் பலருக்கு இந்த நாட்டுப் பிரஜை என்றோ வேறு நாட்டுப் பிரஜை என்றோ ஒரு கடுதாசியும் கிடையாது. என் பேர் முழுசாக எழுதி, நான் இருக்கும் இடத்தையும் எழுதி, இவளை நம்பலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை எடுத்து வாசித்தேன். வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் அவருக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தேன். அதைப் போர்த்திக்கொண்டார்.

தோட்டத்துக் கடைக்காரர் கோபித்துக்கொண்டது உண்மை. இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சில்லறைச் சாமான் வாங்குவதை அவரிடமே வைத்துக்கொண்டேன். தீப்பெட்டி, உப்பு, வெற்றிலை எல்லாம் அங்கேதான். அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் மகளுக்குச் சளி பிடித்தது. அவளுக்கு அப்போது நாலு வயது. மூச்சு விடும்போது விசில் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டரையா பார்த்துவிட்டு, "இந்த மருந்து எங்கிட்ட இல்ல. டவுன்ல வாங்கு. இன்னைக்கே வாங்கு" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. என்னிடம் பஸ்ஸுக்குப் போக வரக் காசும் மேலே ஒரு ரூபாயும் இருந்தது. வீட்டுக்காரர் ஸ்டோரில் இருந்தார். மகளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து ஆறரை ரூபாய் என்றார். நான் நீல கார்டை நீட்டினேன்.

"இது என்னாம்மா?"

"கார்டுங்க ஐயா. இதுல எழுதிக்கங்க. சம்பளத்தன்னைக்குத் தந்துருவேன்."

"இது துணிக்கடைக் கார்டு. அங்க செல்லும். இங்க எப்படிச் செல்லும்? நான் இதக் கொண்டுபோய் யார்கிட்டக் காசு கேட்கிறது?"

அவர் கேட்டதில் தவறில்லை. மகளின் மூச்சு என் தோளில் இழுத்துக்கொண்டிருந்தது. மழையில் ரோட்டைக் கடந்து முதலாளியின் கடைக்குப் போனேன். ஆறரை ரூபாயை எனக்குக் காசாகக் கொடுத்துவிட்டுக் கார்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன்.

அவர் முடியாது என்று தலையசைத்தார். "காசக் கடனாக் குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் எல்லாரும் காசுதான் கேப்பாங்க தங்கச்சி. வட்டிக்காரன் வேலையாப் போயிரும். எங்க மார்க்கத்துல அது ஆகாது." பிறகு மகளைப் பார்த்தார். கம்பளியை விலக்கி அவள் நெற்றியைத் தொட்டார். குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

மருந்துக்கடையில் இருவரும் நின்றபடியே பேசினார்கள்.

"இந்தத் தங்கச்சிக்கு மருந்தக் குடுங்க. சம்பளம் போட்ட ரெண்டாம் நாள் நான் காசு அனுப்புறேன்."

"இவங்க குடுக்காட்டி?"

"அது என் பாடு. நீங்க என்னையத்தானே கேப்பீங்க."

மருந்துக்கடைக்காரர் போத்தலை எடுத்துக் கடுதாசியில் சுற்றினார். முதலாளி ஒரு துண்டில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கார்டிலும் எழுதினார். முதல் கரண்டி மருந்தை அந்தக் கடையிலேயே மகளுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் விசில் சத்தம் குறைந்தது. ஒரு வாரத்தில் லயத்து வாசலில் ஓடி விளையாடினாள்.

அடுத்த சம்பளத்துக்கு நான் போனபோது மருந்துக்கடை முகப்பில் சின்னப் பலகை ஒன்று தொங்கியது. நீல கார்டுக்கு மருந்து கொடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. இரண்டு மாதத்தில் குடையும் செருப்பும் விற்ற கடையிலும் அதே மாதிரிப் பலகை வந்தது. விஷயம் என்னவென்று முதலாளியே எனக்குச் சொன்னார். அந்தக் கடைகளுக்குத் தோட்டத்துச் சனங்களை யாரென்று தெரியாது, அவருக்குத் தெரியும். சாமானை அவர்கள் கொடுப்பார்கள். சம்பளத்துக்குப் பிறகு இவர் பணத்தைக் கொடுப்பார், ரூபாய்க்கு ஐந்து சதம் பிடித்துக்கொண்டு. யாராவது கொடுக்காமல் போனால் நட்டம் இவருக்கு. "நீங்க அன்னைக்கு மழையில வந்து நின்னதாலதான் இந்த யோசனையே வந்துச்சு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஏழெட்டு மாதம் இருந்தது. பிறகு ஒருநாள் மருந்துக்கடையில் தைலம் ஒன்று வாங்கினேன். கார்டில் ஒரு ரூபாய் அறுபது என்று எழுதினார்கள். எனக்கு முன்னால் நின்ற சிங்கள அம்மா ஒருத்தி அதே தைலத்துக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன்.

"ஐயா, அவங்களுக்கு ஒண்ணரை, எனக்கு ஒண்ணு அறுபதா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மறைக்கவில்லை. "அவங்க காசு குடுத்தாங்க. உன் காசு எனக்கு மூணு கிழமைக்குப் பொறகுதான் வரும். அதுலயும் முதலாளி அஞ்சு சதம் புடிச்சுக்குவாரு. நான் எங்க போறது, சொல்லு."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதும் புரிந்தது. புரிந்ததால் கோபத்தை யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "எங்கிட்ட அப்படிச் சொல்லலையே" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தைலம், மாத்திரை எல்லாம் சின்னத் தொகை. அதற்குச் சம்பளத்தன்றே இரண்டு ரூபாய் எடுத்து வைத்தால் காசுக்கே வாங்கலாம். கம்பளி, குடை, மகளுக்குச் சட்டை மாதிரிப் பெரியவற்றுக்குத்தான் கார்டு வேண்டும். துணிக்கடையில் கார்டுக்கும் காசுக்கும் ஒரே விலை. குடைக்கடையிலும் ஒரே விலைதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து அப்படியே செய்தேன். மலையில் நிரை பிடிக்கும்போது மற்றப் பெண்களுக்கும் சொன்னேன். கொழுந்து எடுத்துக்கொண்டே பேச நிறைய நேரம் இருக்கும். "மருந்துக்கடையில கார்டக் காட்டாதீங்கடி, பத்துச் சதம் கூட" என்ற பேச்சு எங்கள் டிவிஷனைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்கும் போனது.

நான் நினைத்தது எங்கள் பத்துச் சதத்தைப் பற்றி மட்டும்தான். ஆனால் நாலைந்து மாதத்தில் மருந்துக்கடைக்காரர் தானாகவே முதலாளியிடம் போயிருக்கிறார். கார்டுக்காரர்கள் வருவதே நின்றுவிட்டது. காசு இல்லாத நாட்களில் டிஸ்பென்சரி மருந்தோடு சமாளிக்கிறார்கள், அவர் கடைக்கு வருவதில்லை என்று சொன்னாராம். இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். முதலாளி ரூபாய்க்கு மூன்று சதம்தான் பிடிப்பார், பணத்தை எங்கள் சம்பளத்துக்குக் காத்திருக்காமல் பதினைந்து நாளுக்கொரு தடவை கொடுப்பார். மருந்துக்கடையில் எல்லாருக்கும் ஒரே விலை. பலகையில் அதையும் எழுதி வைத்தார்கள். அடுத்த தடவை நான் போனபோது மருந்துக்கடைக்காரர், "என்னாம்மா, இப்ப சரியா?" என்று கேட்டார். சரிங்க ஐயா என்றேன். இருவரும் சிரித்தோம்.

அறுபதுகளின் நடுவில்தான் சங்கடம் வந்தது. எங்கள் சனங்களில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. டவுனில் பல கடைக்காரர்கள் கடன் கொடுக்கத் தயங்கினார்கள். இன்றைக்கு வாங்கிவிட்டு நாளைக்குக் கப்பலேறினால் யாரைப் பிடிப்பது என்று அவர்கள் பயந்தார்கள். சில கடைகளில் நேராகவே கேட்டார்கள்: "நீங்க போறவங்களா, இருக்கிறவங்களா?" எங்களுக்கே தெரியாத கேள்வி அது. எங்கள் லயத்தில் அண்ணன் இந்தியாவுக்குப் போக மனு எழுதிக் கொடுத்தான், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை என்ற வீடும் இருந்தது.

என் வீட்டுக்காரர் போகலாம் என்றார். அவருடைய அப்பாவின் ஊரில் ஒரு சித்தப்பா இருந்தார். எனக்கு அந்த ஊரையும் தெரியாது, சித்தப்பாவையும் தெரியாது. ஒரு மாதம் பேசிப் பேசிக் கடைசியில் போவதற்கு எழுதிக் கொடுத்தோம்.

அதை முதலாளியிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் கேட்பார், நான் பதில் சொல்ல நேரிடும் என்று காத்திருக்க மனமில்லை. கார்டில் இருந்த பதினெட்டு ரூபாயையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, "நாங்க எழுதிக் குடுத்துட்டோம் முதலாளி. கார்டத் திருப்பித் தரணுமாங்க?" என்றேன்.

அவர் காசை எண்ணி உள்ளே வைத்தார். புதிதாக யாருக்கும் கார்டு கொடுப்பதை அவரும் அந்த மாதம் நிறுத்தியிருந்தார். அதை நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"எப்பப் போறீங்க?"

"தெரியாதுங்க. வருஷமும் ஆகலாம்னு சொல்றாங்க."

"அப்ப வருஷக்கணக்குல நீங்க கம்பளி இல்லாமலா இருப்பீங்க? கார்டு இருக்கட்டும் தங்கச்சி. போற தேதி வந்தா அந்த மாசம் மட்டும் காசுக்கு வாங்குங்க."

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் அடுத்த தவணைக்கு மேல்வகுப்புக்குப் போகிறவள். அவள் சட்டைக்கு வெள்ளைத் துணி நாலு கெஜம் வெட்டச் சொன்னேன். கடையாள் அளந்து, ஒரு விரற்கடை கூட விட்டு வெட்டினார். முதலாளி பேனாவை எடுத்துப் புது மாதத்துக் கட்டத்தில் தொகையை எழுதினார்.